நாய் சாக்லேட் தின்றுவிட்டால்: ஒரு சிறு கணக்கு

மேசைக்கு அடியில் கிழிந்த உறை. கூடம் முழுக்க வெள்ளித்தாள் துணுக்குகள். நடுவில் நாய், ஒன்றுமே நடக்காத மாதிரி, மீசையில் பழுப்புக் கறையோடு வாலாட்டிக்கொண்டு நிற்கிறது.

இதைப் பார்த்ததும் சிலர் பதறிப்போய் நாயின் தொண்டைக்குள் விரலை விடுகிறார்கள். வேறு சிலர், "நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கும் பார்ப்போம்" என்று நாற்காலியில் சாய்ந்துவிடுகிறார்கள். இரண்டும் தப்பு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய தப்பு. சாக்லேட்டின் நஞ்சு உடனே வேலையைக் காட்டாது. சில நாய்களுக்கு 2, 3 மணி நேரத்தில் தொடங்கலாம். பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். அதுவரை நாய் ஓடும், பந்தைத் துரத்தும், ராத்திரிச் சாப்பாட்டையும் மிச்சம் வைக்காமல் முடிக்கும். அது நன்றாக இருக்கிற அந்த நேரம்தான் வைத்தியம் எளிதாகப் பலிக்கிற நேரம். நடுக்கம் வரட்டும், பிறகு தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று காத்திருப்பது கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிற கதைதான்.

இப்போதே நாய் எதையோ தின்றுவிட்டு உங்கள் முன் நிற்கிறது என்றால், முழுக் கட்டுரையையும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். மிச்சமிருக்கும் சாக்லேட்டை எட்டாத இடத்தில் வையுங்கள். உறையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நாயின் எடை எவ்வளவு, தின்றது எந்த வகைச் சாக்லேட், ஏறத்தாழ எத்தனை கிராம், எத்தனை மணிக்கு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். நாய் ஏற்கனவே நடுங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, நிற்க முடியாமல் தள்ளாடினாலோ எழுதுவதற்கெல்லாம் நேரமில்லை; உறையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கிளம்புங்கள். வழியில் பேசிக்கொள்ளலாம்.

அவசரமில்லாதவர்கள் மேலே படிக்கலாம். இந்த நான்கு தகவலை ஏன் கேட்கிறார்கள் என்பது புரிந்துவிட்டால், அப்படியொரு நாள் வரும்போது பதற்றம் பாதியாகக் குறையும்.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது?

சர்க்கரை அதிகம், அதனால்தான் நாய்க்கு ஆகாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சர்க்கரையும் நல்லதல்ல, ஆனால் இங்கே குற்றவாளி அது இல்லை. கோகோ விதையில் இயற்கையாகவே இருக்கும் தியோப்ரோமைன் என்ற பொருள்தான் காரணம். காப்பியில் இருக்கும் காஃபினுக்கு இது உடன்பிறப்பு மாதிரி. காஃபினும் சாக்லேட்டில் கொஞ்சம் உண்டு. கோகோ மரத்துக்குத் தியோப்ரோமா என்று 1753-ல் பெயர் சூட்டியவர் லின்னேயஸ். கிரேக்க மொழியில் 'தேவர்களின் உணவு' என்று பொருள். நாம் அமுதம் என்போம். 1841-ல் அலெக்சாண்டர் வோஸ்கிரெசென்ஸ்கி என்ற ரஷ்ய வேதியியலாளர் இந்தப் பொருளைக் கோகோ விதையில் கண்டறிந்தபோது, மரத்தின் பெயரே பொருளுக்கும் ஒட்டிக்கொண்டது. பெயரைக் கேட்டு புரோமின் இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பெயருக்குக்கூட ஓர் அணு புரோமின் அதில் கிடையாது.

சரி, அதே பொருளை நாம் ஆண்டு முழுக்கத் தின்றுகொண்டிருக்கிறோமே, நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? வேறுபாடு கல்லீரலின் வேகத்தில் இருக்கிறது. மனித உடல் உள்ளே போன தியோப்ரோமைனில் பாதியை ஏறத்தாழ 6 முதல் 10 மணி நேரத்தில் கழித்துவிடும். நாயின் உடலுக்கு அதே பாதியைக் கழிக்கச் சுமார் 17 மணி 30 நிமிடம் ஆகிறது. இன்று மதியம் 100 பங்கு உள்ளே போனதாக வைத்துக்கொள்ளுங்கள். நாளை விடிகாலையில்கூட 50 பங்கு இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நாளை இரவு 11 மணி வாக்கில்தான் 25-க்கு இறங்கும். இந்த ஒரு செய்தியிலிருந்தே இன்னொன்றும் புரியும்: காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு என்று கொடுத்தால், காலைத் துண்டு கணக்கிலிருந்து நீங்கும் முன்பே மாலைத் துண்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. "கொஞ்சம் கொஞ்சமாகத்தானே கொடுத்தோம்" என்பது இங்கே செல்லாத வாதம்.

உள்ளே போய் அது என்ன செய்கிறது? உடலில் அடினோசின் என்றொரு பொருள் உண்டு. 'போதும், கொஞ்சம் ஓய்ந்திரு' என்று மூளைக்கும் இதயத்துக்கும் சொல்வது அதன் வேலை. அடினோசின் வந்து உட்கார வேண்டிய இருக்கையில் தியோப்ரோமைன் துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறது. ஓய்வெடுக்கச் சொல்ல ஆளில்லை. கூடவே, தசைச் செல்களுக்குள் கால்சியத்தின் அளவும் ஏறுகிறது. தசை இறுகும், நடுங்கும். இதயமும் தசைதானே. அது வேகமாக அடிக்கும், அளவு கூடினால் தாளம் தப்பும். சிறுநீரகமும் சும்மா இருக்காது, நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பத்துக் குவளை கடுங்காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இரண்டு நாள் உறக்கம் வராமல் தவிக்கும் ஆளை நினைத்துக்கொண்டால், நாயின் நிலைமை ஓரளவு விளங்கும்.

நாய்க்கு மட்டும் விதித்த விதி அல்ல இது. 2014-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வேட்டைக்காரர்கள் இரையாகக் குவித்துவைத்த சாக்லேட்டைத் தின்ற நான்கு கருங்கரடிகள் அங்கேயே இறந்துகிடந்தன. அவ்வளவு பெரிய உடம்பே தாங்கவில்லை. அளவு மீறியதுதான் காரணம். அளவு என்றால் உடல் எடைக்கு எவ்வளவு என்ற அளவு. இங்கிருந்துதான் கணக்கு தொடங்குகிறது.

எடை, வகை, அளவு

கால்நடை மருத்துவர்கள் பார்க்கிற எண், நாயின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் எத்தனை மில்லிகிராம் தியோப்ரோமைன் உள்ளே போனது என்பதுதான். கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில் வாந்தி, பேதி, தாகம், இருப்புக்கொள்ளாமை மாதிரி லேசான தொல்லைகள் தொடங்கும். 40 முதல் 50-க்குள் இதயம் பாதிக்கப்படத் தொடங்கும். 60-ஐத் தாண்டினால் வலிப்பு வரலாம். 100 முதல் 200 வரை போனால் உயிருக்கே உலை. பாதி நாய்கள் பிழைக்காத அளவு அது. பலவீனமான நாய் அதற்கு வெகு கீழேயே விழுந்துவிடலாம்.

இனி வகை. எல்லாச் சாக்லேட்டும் ஒன்றல்ல. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெள்ளைச் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் மட்டும்தான். ஒரு கிராமுக்கு 0.01 மில்லிகிராம் தியோப்ரோமைன், இல்லை என்றே சொல்லிவிடலாம். பால் சாக்லேட்டில் கிராமுக்கு 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல். டார்க் சாக்லேட்டில் 5 முதல் 8 வரை. உறையில் போட்டிருக்கும் கோகோ சதவீதம் ஏற ஏற இதுவும் ஏறும். கேக் செய்யப் பயன்படும் இனிப்பில்லாத பேக்கிங் சாக்லேட்டில் ஏறத்தாழ 16. கோகோ பவுடரில் 20-க்கு மேல், 28 வரைக்கும் போகும். நாக்கில் வைத்தால் எவ்வளவு கசக்கிறதோ அவ்வளவு ஆபத்து என்று நினைவில் வைத்துக்கொண்டால் எண்கள் மறந்தாலும் பரவாயில்லை.

ஒரு 10 கிலோ நாயை எடுத்துக்கொள்வோம். 50 கிராம் பால் சாக்லேட்டை முழுதாக விழுங்கிவிட்டது. 50-ஐ 2.3-ஆல் பெருக்கினால் 115 மில்லிகிராம். அதைப் 10 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 11.5. இருபதுக்குக் கீழே. வயிற்றைக் கொஞ்சம் கலக்கலாம், அதோடு போய்விட வாய்ப்பு அதிகம். அதே நாய், அதே 50 கிராம், ஆனால் டார்க் சாக்லேட் என்றால்? கிராமுக்கு 5.5 என்று கொண்டாலும் 275 மில்லிகிராம், கிலோவுக்கு 27.5. 80 சதவீதக் கோகோ என்றால் கிலோவுக்கு 40-ஐத் தொட்டுவிடும். பேக்கிங் சாக்லேட் என்றால் 80, வலிப்பு வரும் எல்லையைத் தாண்டியாயிற்று. கோகோ பவுடர் என்றால் 140. நாயும் மாறவில்லை, கிராமும் மாறவில்லை. உறையின் மேல் எழுதியிருக்கும் ஒரு சொல் மாறியது, அவ்வளவே. உறையைக் குப்பையில் போடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

இப்போது எடையை மாற்றிப் பாருங்கள். 3 கிலோ குட்டி. அதே 50 கிராம் பால் சாக்லேட் அதற்குக் கிலோவுக்கு 38 மில்லிகிராம். பெரிய நாய் ஏப்பம் விட்டுவிட்டுப் போகிற அளவு குட்டியை இதயத் தொல்லையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தரையில் சிந்திய ஒரு சிறு கரண்டி கோகோ பவுடர், 5 கிராம்தான் இருக்கும், அதை நக்கினால் கிலோவுக்கு 47 வரை போகலாம். மறுபக்கம், 30 கிலோ நாய் அதே 50 கிராம் பால் சாக்லேட்டைத் தின்றால் கிலோவுக்கு 4 மில்லிகிராம்கூடத் தேறாது. அதற்காக நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை என்று மருத்துவரே சொல்லிவிடுவார். ஆனால் அந்த நாயே கோகோ டப்பாவைத் தள்ளிவிட்டு 50 கிராமை நக்கியிருந்தால், கிலோவுக்கு 47. பெரிய நாய் என்ற தைரியம் அங்கே உதவாது.

இது படுசுத்தமான கணக்கு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். விதைக்கு விதை, தயாரிப்புக்குத் தயாரிப்பு தியோப்ரோமைன் மாறும். உடன் இருக்கும் காஃபின் அதன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். வயதான நாய், இதய நோய் உள்ள நாய், ஏற்கனவே வலிப்பு வருகிற நாய், சினையாக இருக்கும் நாய் என்றால் எல்லையெல்லாம் கீழே இறங்கும். அதனால் சந்தேகம் வரும்போதெல்லாம் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் எத்தனை துண்டு இருந்தது என்று ஞாபகம் இல்லையா? பெட்டி நிறைய இருந்ததாகவே வையுங்கள். வீட்டில் இரண்டு நாய், எது தின்றது என்று தெரியவில்லையா? இரண்டும் தனித்தனியே முழுவதையும் தின்றதாகக் கணக்குப் போடுங்கள். மீசையில் கறை இல்லாதது நிரபராதி என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்; நக்கித் துடைத்துக்கொள்ளத் தெரிந்த விலங்கு அது.

கேக், பிஸ்கட், ஐஸ்கிரீம் என்று வரும்போது கணக்குக் குழம்பும். அவற்றில் சாக்லேட் பங்கு எவ்வளவு என்று உறை சொன்னால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வீட்டில் செய்த கேக் என்றால் எத்தனை கரண்டி கோகோ போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள், போதும். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: செடிகளுக்கு அடியில் பரப்பும் கோகோ விதைத்தோலிலும் தியோப்ரோமைன் உண்டு, வாசனையும் உண்டு, நாய்க்கு அது போதும்.

எப்போது என்ன தெரியும்?

முதலில் தாகம். தண்ணீர்க் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு மறுபடி வந்து நிற்கும். வாந்தி, பேதி, வயிறு உப்புதல் வரலாம். பிறகு இருப்புக்கொள்ளாமை: படுக்கும், எழும், சுற்றிவரும், மூச்சிரைக்கும், சிறு சத்தத்துக்கும் துள்ளும். நாய்க்கு ஏதோ குஷி என்று இந்தக் கட்டத்தைத் தவறாக எடுத்துக்கொள்வது சகஜம். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். அளவு அதிகம் என்றால் அடுத்து தள்ளாட்டம், தசை விறைப்பு, நடுக்கம், உடல் சூடு ஏறுதல், கடைசியில் வலிப்பு. நெஞ்சில் கை வைத்தால் இதயம் தறிகெட்டு ஓடுவது தெரியும். இறக்கும் நாய்கள் பெரும்பாலும் இதயத் தாளம் தப்பியோ, உடல் சூடு எல்லை மீறியோ, மூச்சு நின்றோதான் இறக்கின்றன. தொல்லைகள் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். 17 மணி நேரக் கணக்கை மறந்திருக்க மாட்டீர்கள்.

வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்கலாமா?

நீங்களாக வேண்டாம். இதில் நான் சற்றுக் கறாராகவே இருக்க விரும்புகிறேன்.

உப்புத் தண்ணீர் கொடுப்பது பழைய கைவைத்தியம். அது இரத்தத்தில் சோடியத்தை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். அதுவே வலிப்பைக் கொண்டுவரும், உயிரையும் எடுக்கும். சாக்லேட்டால் சாக வேண்டாத நாய் உப்பால் சாகலாம். விரலை விட்டால் நாய்க்கு வாந்தி வராது, உங்களுக்குக் கடிதான் கிடைக்கும். பால் கொடுத்தால் நஞ்சு முறியும் என்பது நம்பிக்கை மட்டுமே. பாலில் தியோப்ரோமைனை முறிக்க எதுவும் இல்லை. எண்ணெய் ஊற்றுவது இன்னும் மோசம், நுரையீரலுக்குள் போனால் நிமோனியா.

ஹைட்ரஜன் பெராக்சைடு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 3 சதவீதக் கரைசலைக் குறிப்பிட்ட அளவில் கொடுக்கச் சில சமயம் மருத்துவர்களே போனில் சொல்வதுண்டு, மருத்துவமனை வெகுதொலைவில் இருக்கும்போது. அது இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கக்கூடியது. அதனால் மருத்துவர் சொல்லி, அவர் சொன்ன அளவில் மட்டுமே. நடுங்குகிற நாய்க்கும், மயங்கிக்கொண்டிருக்கும் நாய்க்கும், பக், புல்டாக் மாதிரி மூக்குச் சப்பையான நாய்களுக்கும் வீட்டில் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. "தின்று நான்கு மணி நேரம் ஆகிவிட்டது, இனிமேல் போய் என்ன செய்ய?" சாக்லேட் உடல் சூட்டில் உருகி, இரைப்பையில் பிசின் மாதிரி உருண்டையாக ஒட்டிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே கிடக்கும். வேறு பல நஞ்சுகளுக்கு ஓரிரு மணி நேரத்தில் மூடிவிடும் கதவு, சாக்லேட்டுக்கு 6 மணி நேரம்வரைகூடத் திறந்திருக்கலாம். முன்னதாகப் போனால் நல்லது. தாமதமாகிவிட்டது என்று போகாமலே இருப்பதில் எந்த நன்மையும் இல்லை.

மருத்துவர் என்ன செய்வார்?

தியோப்ரோமைனுக்கு முறிவு மருந்து கிடையாது. அதனால் வைத்தியம் மூன்று முனையில் நடக்கிறது: உள்ளே இருப்பதை வெளியேற்றுவது, மிச்சம் இரத்தத்தில் சேராமல் தடுப்பது, உடல் தானாகக் கழிக்கும்வரை இதயத்தையும் நரம்பையும் தாங்கிப்பிடிப்பது.

அப்போமார்ஃபின் என்ற ஊசி போட்டால் சில நிமிடங்களில் நாய் வாந்தி எடுத்துவிடும். கண்ணில் விடும் ரோபினிரோல் சொட்டு மருந்தும் அதே வேலையைச் செய்யும். அடுத்து, மருத்துவக் கரித்தூளைக் கரைத்துக் கொடுப்பதுண்டு. குடலில் இருக்கும் நஞ்சைக் கரி தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். ஒரு தடவையோடு விடாமல் திரும்பவும் கொடுக்கக் காரணம் இருக்கிறது: கல்லீரல் பித்தத்தின் வழியே தியோப்ரோமைனைக் குடலுக்குத் தள்ளுகிறது, குடல் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது, இந்தச் சுற்று ஓயாது. கரி நடுவில் புகுந்து வழிமறிக்கிறது. வீட்டு அடுப்புக்கரி இந்த வேலைக்கு உதவாது.

நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவார்கள். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும், தாளம் தப்பிய இதயத்துக்கும் தனித்தனி மருந்துகள் உண்டு. ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும். இதில் எனக்கு வியப்பாக இருந்த ஒரு செய்தி: சிறுநீர்ப்பையில் வந்து சேர்ந்த தியோப்ரோமைனை அந்தப் பையின் சுவரே மறுபடி இரத்தத்துக்குள் உறிஞ்சிவிடும். அதனால்தான் மோசமான நிலையில் இருக்கும் நாய்க்குச் சிறுநீர்க் குழாய் போடுகிறார்கள், நடமாடும் நாயை அடிக்கடி வெளியே கூட்டிப்போகச் சொல்கிறார்கள். சிறுநீர் கழிப்பதும் வைத்தியத்தில் ஒரு பகுதி.

சரியான நேரத்தில் கொண்டுபோன நாய்களில் மிகப் பெரும்பாலானவை ஓரிரு நாளில் பழையபடி ஓடத் தொடங்கிவிடும்.

சாக்லேட்டோடு வந்த மற்றவை

உறையைப் படிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், சில சமயம் சாக்லேட்டைவிட அதனுள் இருப்பது கொடியது. சர்க்கரை இல்லாத சாக்லேட் என்று விற்பதில் சைலிடால் என்ற மாற்று இனிப்பூட்டி இருக்கலாம். நாயின் உடல் அதைச் சர்க்கரை என்று ஏமாந்து இன்சுலினைக் கொட்டும்; கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே இரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கலாம், அரை மணி நேரத்திலேயேகூட. இன்னும் கூடினால் கல்லீரல் செயலிழக்கும். இங்கே 6 மணி நேர அவகாசமெல்லாம் கிடையாது. பட்டியலில் சைலிடால் என்ற பெயர் கண்ணில் பட்டால், மேலே போட்ட கணக்கையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு உடனே கிளம்புங்கள். உலர்திராட்சை கலந்த சாக்லேட் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். மக்காடமியா கொட்டை இருந்தால் பின்னங்கால் துவண்டுபோகும். காப்பிக் கொட்டைமேல் சாக்லேட் பூசியது என்றால் காஃபினும் தியோப்ரோமைனும் கைகோத்துக்கொள்ளும்.

வெள்ளைச் சாக்லேட் தப்பித்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். நஞ்சில் தப்பித்தது, கொழுப்பில் மாட்டிக்கொண்டது. கொழுப்பு மிகுந்த எதையும் ஒரேயடியாகத் தின்றால் கணையம் வீங்கலாம். ஓரிரு நாள் கழித்துச் சாப்பாட்டை வெறுத்து, முதுகை வளைத்துக்கொண்டு வலியோடு நிற்கும். வெள்ளித்தாளும் பிளாஸ்டிக்கும் உள்ளே போயிருந்தால் குடல் அடைப்பு வேறு.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால்

அளவு குறைவு, வீட்டில் வைத்துக் கவனித்தால் போதும் என்று மருத்துவர் சொல்வதும் உண்டு. அப்போது கவனிப்பது என்றால் அவ்வப்போது எட்டிப்பார்ப்பது அல்ல. முதல் 12 மணி நேரம் கண்காணிப்பிலேயே இருக்கட்டும், ஒரு முழு நாள்வரை ஒரு கண் அதன்மேல் இருக்கட்டும். தண்ணீர் தாராளமாக வையுங்கள். அமைதியான, வெளிச்சம் குறைந்த இடமாகப் பார்த்துப் படுக்க வையுங்கள். மணிக்கு ஒருமுறையோ இரண்டு மணிக்கு ஒருமுறையோ வெளியே கூட்டிப்போங்கள், காரணம் தெரியுமே. அன்றைக்கு ஓட்டமும் பந்தும் வேண்டாம்.

இதயத் துடிப்பை எண்ணத் தெரிந்துகொள்வது நல்லது. இடது முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சில் உள்ளங்கையை வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் பெரிய நாய்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை, சிறிய நாய்க்கு 140 வரைகூடச் சரிதான். உங்கள் நாயின் வழக்கமான எண்ணை ஒரு நல்ல நாளில் எண்ணிக் குறித்துவைத்திருந்தால் இன்னும் வசதி; தூங்கும்போது எண்ணினால் அது சலித்துக்கொள்ளவும் செய்யாது. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலோ, இரண்டு முறைக்குமேல் வாந்தி எடுத்தாலோ, ஓரிடத்தில் படுக்காமல் சுற்றிச்சுற்றி வந்தாலோ, தசை துடித்தாலோ மறுபடி போன் செய்யத் தயங்காதீர்கள். "தொந்தரவு செய்கிறோமோ" என்ற கூச்சத்துக்கு இது இடமில்லை.

"எங்கள் நாய் எத்தனையோ தடவை தின்றிருக்கிறது"

இதை ஒவ்வொரு நாய்க்காரர் வீட்டிலும் கேட்கலாம், அவர்கள் பொய் சொல்லவில்லை. 25 கிலோ நாய் ஒரு சதுரத் துண்டு பால் சாக்லேட்டை எத்தனை தடவை தின்றிருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கணக்கு கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டியிருக்காது. அது நாயின் தாங்கும் சக்தி அல்ல. வகுத்தலில் கிடைத்த விடை. அடுத்த தடவை மேசையில் இருப்பது 80 சதவீத டார்க் சாக்லேட்டாக இருந்தால் விடை மாறும், பழைய அனுபவம் கைகொடுக்காது. தின்றுதின்று பழகிவிடும் என்பதற்கும் ஆதாரம் எதுவும் இல்லை.

பூனைக்கும் சாக்லேட் ஆகாதுதான், இருந்தும் பூனைகள் இதில் மாட்டுவது அபூர்வம். இனிப்பை உணரத் தேவையான மரபணு ஒன்று பூனைகளிடம் செயலிழந்து கிடக்கிறது. சாக்லேட்டைக் கண்டால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். நாய்க்கு இனிப்பு நன்றாகவே தெரியும். மோப்பமும் உண்டு, பொறுமையும் உண்டு, 'இவ்வளவு போதும்' என்று நிறுத்தும் பழக்கம் மட்டும் இல்லை.

ஆகவே ஒளித்துவைப்பதுதான் வழி. மேசை விளிம்பு, கைப்பை, பள்ளிப்பை, கட்டிலுக்குப் பக்கத்து இழுப்பறை எல்லாம் நாயின் கணக்கில் திறந்த கடைகள். பரிசுப் பொட்டலம் மூடியிருந்தாலும் உள்ளே என்ன என்று நமக்கு முன்பே அதற்குத் தெரியும். கதவு வைத்த அலமாரியின் மேல்தட்டு நல்லது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், அன்பு மிகுதியில் பாதியைப் பங்கு வைப்பார்கள். திட்டாமல், நாய்க்கு அது வயிற்றுவலி தரும் என்று சொன்னால் பெரியவர்களைவிட அவர்களே கண்டிப்பாகக் காவல் காப்பார்கள்.

ஒரு தடவை பட்டுவிட்டது, இனி அதன் பக்கமே போகாது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ராத்திரி முழுக்க வாந்தி எடுத்துவிட்டு வந்த நாய், மறுநாள் காலையில் அதே டப்பா இருந்த இடத்தை மோந்து பார்த்துக்கொண்டு நிற்கும். டப்பாவை மேலே ஏற்றிவையுங்கள். அதற்கடியில் இருக்கும் நாற்காலியையும் நகர்த்திவிடுங்கள்.